நோவறியாப் பாதம்: யாழ்ப்பாணத்துச் சலரோக வைத்திய வரலாற்றில் ஓர் அத்தியாயம்

யாழ்ப்பாணத்து மக்களின் வாழ்க்கையில் வெறுங்காலுக்கு இருந்துவந்த இடம் சிறியதன்று. வலிகாமத்துச் செம்மண் தோட்டத்திலே மண்வெட்டி பிடித்துப் புகையிலைக்குப் பாத்தி கட்டியவர்களும், தளைநாரைக் காலிற் பூட்டிப் பனையேறியவர்களும், பருத்தித்துறைக் கரையிலே வலை இழுத்தவர்களும், நல்லூரிற் கொடியேறிய நாள் தொடங்கி 25 நாளும் வீதி மணலிற் பிரதட்சணம் வந்தவர்களும், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டுக் கீழ்க்கரை வழியே கதிர்காமம் வரைக்கும் பாதயாத்திரை போனவர்களும் ஆகிய யாவரும் தாம் மிதித்த நிலத்தின் தன்மையைத் தத்தம் உள்ளங்காலினாலேயே அறிந்தவர்கள். முள் தைத்தவிடத்து அவர்கள் நின்றார்கள். மணல் சுட்டவிடத்து நிழலுக்கு ஒதுங்கினார்கள். கால் சுளுக்கியவிடத்து இரண்டு நாள் வேலைக்குப் போகாதிருந்தார்கள். இவ்வாறு நிற்கவும் ஒதுங்கவும் இளைப்பாறவும் அவர்களுக்குக் கட்டளையிட்டது நோவு என்னும் உணர்ச்சியேயாகும். சலரோகம் என்று நம்மவர் வழங்கும் நீரிழிவு பல்லாண்டு நிலைத்த சரீரத்திலே அவ்வுணர்ச்சி மெல்ல மெல்ல மங்கிவிடுகின்றது. அது மங்கிய பின்னர்ப் பாதத்தின் என்புகளும் மூட்டுக்களும் உள்ளேயே நொறுங்கிச் சிதைந்தாலும் நோயாளி அதனை அறியாமல் நடந்துகொண்டேயிருக்கின்றார். மருத்துவ உலகம் சார்க்கோ பாதம் என்று கூறும் இவ்வியாதியின் வரலாறு பரிஸ், போஸ்டன் முதலிய மாநகரங்களை மாத்திரமன்றி, இலங்கையையும் தமிழ்நாட்டையும் தொட்டுச் செல்வதொன்றாதலால், அதனை நம் குடாநாட்டின் வைத்திய சரித்திரத்தோடு சேர்த்து நோக்குதல் பொருத்தமானதாகும்.

ஆரியச்சக்கரவர்த்திகள் நல்லூரை இராசதானியாகக் கொண்டு ஆண்ட காலத்திலே, அவ்வரசர்கள் மாறி மாறிப் புனைந்துகொண்ட சிம்மாசனப் பெயர்களாகிய செகராசசேகரம், பரராசசேகரம் என்பவற்றையே பெயராகக் கொண்ட இரண்டு வைத்திய நூல்கள் இங்கே தோன்றின. ஏட்டிலே கிடந்த பரராசசேகரத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பல பாகங்களாகப் பதிப்பித்து உதவினார். மேகரோகமும் பிளவையும் அந்நூலில் விரிவாக ஆராயப்பட்டிருப்பது, நீரிலே காணும் குற்றத்துக்கும் சரீரத்திலே தோன்றும் ஆறாப் புண்ணுக்கும் உள்ள சம்பந்தம் நம் பரியாரிமாருக்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றாகும். மேகம் இருபது வகைப்படும் என்பதும், அவற்றுள் கபத்தாற் பத்தும் பித்தத்தால் ஆறும் வாதத்தால் நான்கும் தோன்றும் என்பதும் சித்தத்துக்கும் ஆயுள்வேதத்துக்கும் பொதுவான கொள்கை. உள்ளங்கை உள்ளங்கால்களில் எரிவும் திமிரும் தோன்றுதலை மதுமேகத்தின் பூர்வரூபங்களில் ஒன்றாகச் சரகர் எடுத்தோதினார். சரீரத்தின் கீழ்ப்பாகத்திலே கொப்புளமும் பிளவையும் மிகுந்து தோன்றுதலைச் சுசுருதர் குறித்தார். நரம்பினை நுண்காட்டியிலே கண்டறியாத காலத்திலே, நோயாளியின் வாய்மொழியையும் தம் கண்ணையும் மாத்திரம் துணையாகக் கொண்டு அப்பெரியோர் இவ்வளவு தூரம் சென்றமை வியந்து போற்றத்தக்கது.

எனினும் அதே சுசுருதர், பொருளும் சுற்றமும் இல்லாத மதுமேகிக்கு விதித்த பரிகாரம் ஒன்று இங்கே ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. அத்தகையவன் பாதரட்சையும் குடையும் இன்றி, பிச்சையேற்று உண்டு, ஓரூரில் ஓரிரவுக்கு மேல் தங்காமல், முனிவனைப் போல நூறு யோசனை தூரம் நடக்கக்கடவன் என்பது அவர் விதி. நடையினாலும் உணவுக் குறைவினாலும் குருதியிலுள்ள சர்க்கரை தணியும் என்பது இக்கால மருத்துவமும் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஆனால் உள்ளங்கால் உணர்வற்றுப்போனவன் பாதரட்சையின்றி நூறு யோசனை நடப்பானாயின், சர்க்கரை தணியும் முன்னரே கால் போய்விடும் என்பதும் அதற்குச் சற்றும் குறையாத உண்மையாம். நடக்கச் சொல்லும் வைத்தியத்துக்கும் நடவாதே என்று தடுக்கும் வைத்தியத்துக்கும் இடையே கோடு கிழிப்பது பாதத்தின் உணர்ச்சி ஒன்றேயாகும். அதனை அளந்து பார்க்கும் முறை உலகுக்குக் கிடைக்கப் பல நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

மேனாட்டு வைத்தியம் குடாநாட்டிலே வேரூன்றியது அமெரிக்க மிஷனின் வருகையோடு ஆகும். 1820இல் யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1847இல் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரினரான சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கு வந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயைத் தமது நிலையமாகக் கொண்டார். 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் நகரத்திலே எழுந்த தருமவைத்தியசாலையே பிற்காலத்தில் அரசாங்கத்தின் கைக்கு மாறி, இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக விளங்குகின்றது. இவர்கள் எல்லோருள்ளும் கிறீன் தனித்து நிற்பதற்குக் காரணம், அவர் அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றினார் என்பது மாத்திரமன்று. ஒரு சமூகத்தின் நோய் நீங்க வேண்டுமாயின் வைத்திய அறிவு அச்சமூகத்தின் தாய்மொழியிலே வழங்குதல் வேண்டும் என்ற துணிபைத் தம் வாழ்நாட் கொள்கையாகக் கொண்டு, தமிழிலேயே பாடம் சொல்லி, தமிழிலேயே நூல் செய்தமையாகும். 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தமும் வெளிவந்தன. 1873இல் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பியபோதும் அப்பணியை விட்டாரில்லை. 1884இல் மறையுமட்டும் தமிழ் நூல்களின் அச்சுத்தாள்கள் கடல் கடந்து அவர் கைக்குப் போய்வந்தன.

தமிழிலே இரண வைத்தியம் அச்சேறிய மறு வருடம், அதாவது 1868இல், பரிஸ் மாநகரத்துச் சல்பெத்ரியே வைத்தியசாலையிலே ஜான் மார்த்தேன் சார்க்கோ என்னும் பேராசிரியர், முள்ளந்தண்டு நரம்புகள் பழுதுற்ற நோயாளரின் முழங்கால் முதலிய மூட்டுக்கள் நோவின்றி வீங்கிச் சிதைவதை விவரித்து எழுதினார். அவருக்கு முன்னரே 1831இல் பிலடெல்பியா நகரத்து மிச்செல் என்பவர் முள்ளந்தண்டு நோய்க்கும் மூட்டு நோய்க்கும் உள்ள தொடர்பைக் கூறியிருந்தாராயினும், இவ்வியாதி சார்க்கோவின் பெயராலேயே நிலைபெற்றது. அக்காலத்தில் அதற்குப் பெருங்காரணமாயிருந்தது சிபிலிஸ் எனப்படும் மேகப்புண் நோயின் முதிர்ந்த நிலை. சலரோகிகளிடத்தில் இது காணப்படாதிருந்ததற்குக் காரணம் துயரமானது: கால் கெடும் அளவுக்கு அவர்களிற் பெரும்பாலோர் உயிர் வாழவில்லை. 1921இல் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைக் கண்டறிந்த பின்னரே சலரோகி பத்தும் இருபதும் ஆண்டுகள் வாழும் நிலை உண்டாயிற்று. அந்த நீண்ட வாழ்வினூடே சர்க்கரை நரம்புகளை அரித்தது. 1936இல் போஸ்டன் நகரத்து ஜோர்டன் என்பவர் சலரோகத்தையும் பாதமூட்டுச் சிதைவையும் முதன்முதலிற் சம்பந்தப்படுத்தி எழுதினார். வைத்தியம் உயிரைக் காத்துக் கொடுத்த பின்னரே காலைக் காக்கவேண்டிய கடமை அதன் முன் வந்து நின்றது.

காலைக் காக்கும் வழி தோன்றிய இடம் எது என்று ஆராய்வோருக்கு நம் நாட்டிலேயே விடை காத்திருக்கின்றது. குட்டநோயும் நரம்பைக் கெடுத்துப் பாதத்தின் உணர்ச்சியைப் போக்குவதொன்று. சமூகம் ஒதுக்கிவைத்த அந்நோயாளரின் உள்ளங்காற் புண்கள் ஆறாமைக்குக் காரணம் குட்டக் கிருமியே என்று எல்லோரும் எண்ணியிருந்த 1930களிலே, இலங்கைத் தமிழரும் இந்நாட்டின் முதலாவது சத்திரசிகிச்சைப் பேராசிரியருமாகிய மில்ரோய் போல், அப்பாதங்களுக்குப் பிளாஸ்ரர் கட்டுப் போட்டுப் பாரத்தைப் பங்கிட்டுவிட்டால் புண் ஆறும் என்பதைச் செய்து காட்டினார். இந்தியாவிலே ஜோசப் கான் என்பவரும் அதே வழியிற் சென்றார். பின்னர், 1914இல் கொல்லிமலையிலே பிறந்து வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே பணியாற்றிய போல் பிராண்ட் இம்முறையை எடுத்து வளர்த்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, நோவறியாத கையையும் காலையும் நோயாளி தாமே அறியாமற் சிதைத்துக்கொள்கின்றார் என்ற பேருண்மையை நிலைநாட்டியவரும் அவரே. 1966இல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் குட்டநோய் வைத்தியசாலைக்குச் சென்றபோது இந்தப் பிளாஸ்ரர் கட்டும் உடன் சென்றது. அங்கிருந்து அது சலரோகிகளின் பாதத்துக்குப் பரவி, இன்று உலகமெங்கும் சார்க்கோ பாதத்துக்குரிய முதன்மையான சிகிச்சையாக விளங்குகின்றது. குட்டநோயாளரின் கால்களுக்காகத் தென்னிந்தியாவிலே வழக்குக்கு வந்த மென்றப்பர்ப் பாதணியும் இவ்வண்ணமே சலரோகிகளுக்கு உரியதாயிற்று. யாவராலும் வெறுத்து ஒதுக்கப்பட்ட ஏழை நோயாளரின் காலடியிலிருந்தே இந்த வைத்தியம் கற்றுக்கொள்ளப்பட்டது என்பதை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

இனி, இவ்வியாதி நிகழும் விதத்தையும் அதனை அறியும் வழியையும் சிறிது கூறுவோம். ஒரு பாதத்திலே 26 என்புகள் உள்ளன; அவை நரம்பின் உணர்ச்சியையும் தசையின் கட்டுப்பாட்டையும் நம்பியே முழுச் சரீரத்தின் பாரத்தைத் தாங்குகின்றன. நெடுநாட் சர்க்கரையால் உணர்வு நரம்பு கெடும்போது, படியிலே இடறியதும் கல்லிலே மிதித்ததும் ஆகிய சிறு காயங்கள் உணரப்படாமற் போகின்றன. குருதிக்குழாய்களை ஆளும் நரம்புகளும் உடன் கெடுவதனால் பாதத்துக்கு மிகையான குருதி பாய்ந்து என்பின் சத்துக் கரைகின்றது. மெலிந்த என்பின்மேல் நோயாளி தொடர்ந்து நடக்க, என்பு முறிகின்றது, மூட்டு விலகுகின்றது, அழற்சி மேலும் மேலும் பெருகுகின்றது. 1966இல் ஐகன்ஹோல்ஸ் என்பவர் வகுத்தபடி, முதலிற் சிதையும் பருவமும், பின்னர்ச் சேரும் பருவமும், இறுதியில் இறுகும் பருவமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிதையும் பருவத்திலே காலுக்கு ஓய்வு கொடுக்கப்படாவிடின், உள்ளங்காலின் வளைவு இடிந்து விழுந்து, நடுப்பாதம் தோணியின் அடிப்பாகம் போலக் கீழ்நோக்கிப் புடைத்து இறுகிவிடும். புடைத்த இடத்திலே புண்ணும், புண்ணிலே கிருமியும், கிருமியினால் என்பழிவும், ஈற்றிலே கால் வெட்டுதலும் என்று அந்தத் துன்பம் தொடர்கின்றது.

ஆதலால் முதற் பருவத்திலேயே இதனைக் கண்டுகொள்வது தலையாய காரியம். பல ஆண்டு சலரோகமுடைய ஒருவரின் ஒரு பாதம் திடீரென வீங்கிச் சிவந்து சூடாகி, அந்த வீக்கத்துக்கு ஏற்ற நோவு இல்லாதிருக்குமாயின், வேறு காரணம் நிச்சயமாகும் வரைக்கும் அதனைச் சார்க்கோ பாதமாகவே கொள்ளுதல் வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. மற்றைப் பாதத்தைக் காட்டிலும் 2 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் அது சூடாயிருத்தல் ஒரு முக்கிய குறி. 10 கிராம் பாரத்தில் வளையும் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, நோயாளி அதனை உணர்கின்றாரா என்று பார்ப்பதும், அதிர்வுக் கவையை என்பின்மேல் வைத்துப் பார்ப்பதும் நரம்பின் நிலையைக் காட்டிவிடும். காலை உயர்த்திச் சில நிமிடம் வைத்தால் சார்க்கோ பாதத்தின் சிவப்புப் பெரும்பாலும் வெளிறும். கிருமியால் வந்த சிவப்பு அங்ஙனம் வெளிறுவதில்லை. ஆரம்பத்திலே எக்ஸ்றே படம் பழுதின்றித் தோன்றலாம், எனவே படத்திலே ஒன்றுமில்லை என்று ஆறுதலடைந்து நோயாளியை நடக்க விடுதல் பெருந்தவறு, எம்.ஆர்.ஐ. படத்திலே என்பினுள் நிகழும் மாற்றம் முன்னரே தெரியும். நம்மூரிலோ இவ்வீக்கம் சுளுக்கென்றும், வாதமென்றும், யூரிக் அமிலத்தால் வந்த மூட்டு நோயென்றும், கிருமி தொற்றியதென்றும் எண்ணப்பட்டு, நோவெண்ணெய் பூசித் தேய்ப்பதிலும் பத்துப் போடுவதிலும் விலைமதிப்பற்ற வாரங்கள் கழிந்துவிடுகின்றன. பரம்பரை முறிவு வைத்தியரின் கைத்திறன் பல குடும்பங்களுக்கு உதவியதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் உணர்வற்ற சலரோகப் பாதத்தைத் தேய்த்து நீவுதல் நொறுங்கும் என்பை மேலும் நொறுக்குவதேயாம்.

சிகிச்சையின் சாரம் எளியது, பொறுமை வேண்டுவது. முழங்காலுக்குக் கீழ் தொடங்கிப் பாதமுழுவதும் படிந்து நிற்கும் பிளாஸ்ரர் கட்டு ஒன்று போடப்படும். வீக்கம் வற்ற வற்ற அது தளர்ந்துபோகுமாதலால், ஒன்றிரண்டு கிழமைக்கொரு முறை கழற்றி, தோலைப் பார்த்து, சூட்டை அளந்து, மீண்டும் போடப்படும். இரு பாதங்களின் சூடும் ஒத்து வருமட்டும், எக்ஸ்றே படத்திலே என்பு இறுகியது தெரியுமட்டும், பல மாதங்கள் இவ்வாறு செல்லும். அக்காலமெல்லாம் பாரம் மற்றைக் காலுக்குப் போவதனால், அந்தக் காலையும் விடாமற் கவனித்து வருதல் வேண்டும். கட்டு நீங்கிய பின்னர் அந்தப் பாதத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த பாதணியின்றி ஓரடியும் வைத்தல் ஆகாது. என்பு புடைத்துப் புண்ணை உண்டாக்குமிடத்து அதனைச் சீவுதலும், நிலையற்ற மூட்டை இறுக்கிவைத்தலும் சத்திரசிகிச்சையாளரின் பொறுப்பு.

இத்தகைய பொறுமையான சிகிச்சைக்கு அமைதியான காலம் வேண்டும். குடாநாட்டுக்கு அக்காலம் நெடுநாள் வாய்க்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தொடங்கப்பெற்றபோது அதற்கு முதலில் இடங்கொடுத்தது கைதடியிலுள்ள சித்த ஆயுள்வேத வைத்தியசாலையாகும். இரு மருத்துவ மரபுகளும் ஒரு கூரையின்கீழ் நின்ற அந்த மங்களமான தொடக்கத்துக்குப் பின் ஐந்தாண்டுக்குள் நாடு போரில் வீழ்ந்தது. 1990இன் பின் பல ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இருக்கவில்லை. மருந்துகளும் தடைப்பட்டும் குறைந்தும் வந்தன. குளிரூட்டிப் பேணவேண்டிய இன்சுலினை நம்பியிருந்தோரின் நிலை அக்காலத்தில் எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1995 ஒக்ரோபரின் ஈற்றிலே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து, நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்கு விடியவிடிய நடந்த இரவிலே, உணர்வற்ற பாதங்களோடு நடந்த முதியோரும் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். மிதிவெடியாற் காலிழந்தோருக்கென 1987இல் யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூர்க் கால் நிலையம் தொடங்கப்பெற்றது. இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேதி என்னும் வைத்தியரும் 1968இல் ராஜஸ்தானத்திலே சமைத்த அந்தச் செயற்கைக் கால், வெறுங்காலோடு நடக்கவும் சம்மணமிட்டு இருக்கவும் இடங்கொடுப்பதாதலால் நம்மவர் வாழ்க்கைக்கு இயைந்ததாயிற்று. இன்று போர் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்றும் அந்நிலையத்தின் வாயிலுக்கு வருவோர் ஓய்ந்தாரில்லை. வெடியினாலன்றிச் சலரோகத்தினாற் காலிழந்தோர் வருகின்றனர். மிதிவெடி செய்த அழிவுக்கு உலகம் சாட்சியாய் நின்றது. சலரோகம் செய்யும் அழிவுக்கு வீட்டாரும் சாட்சியாவதில்லை என்பதே வேறுபாடு.

நிற்க. சாட்சியின்மைக்கு நம் இக்கால வாழ்க்கையும் ஒரு காரணமாகின்றது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்க, பெரிய வீட்டிலே தனித்து வாழும் தாய் தந்தையரின் உள்ளங்காலைக் குனிந்து பார்ப்பார் இல்லை. அவர்களோ முதுமையாலும் பார்வைக் குறைவாலும் தாமே பார்க்க இயலாதவர்கள். காலிலிருந்து செருப்புக் கழன்றதை அறியாமல் ஒழுங்கை முழுவதும் நடந்து வருவதும், கோயில் வீதியின் மத்தியான மணலிலே உள்ளங்கால் வெந்து கொப்புளித்ததை இரவிலே படுக்கும்போது காண்பதும் நேர்கின்றன. பக்தியை விடும்படி எவரும் கேட்கவில்லை. வெயிலுக்கு முன் விடியற்காலையிலோ, மணல் குளிர்ந்த பின் மாலையிலோ சென்று வழிபடலாம். துணிக் காலுறையுடன் உட்செல்ல இடங்கொடுக்குமாறு கோயிற் பரிபாலகரை வேண்டிக்கொள்ளலாம். நோயுற்ற அடியாரின் பாதத்தைக் காப்பதும் திருத்தொண்டின்பாற்பட்டதே என்பதைக் கோயில்கள் உணர்தல் நன்று.

மற்றைய வியாதிகளில் நோவே நோயாளியை வைத்தியரிடம் அழைத்துச் செல்கின்றது. இவ்வியாதியிலோ நோவு வருவதில்லையாதலால், அது செய்யவேண்டிய காரியத்தை அறிவே செய்தல் வேண்டும். அவ்வறிவும் நோயாளியின் வீட்டிலே, அவருடைய சொந்த மொழியிலே இருத்தல் வேண்டும். கிறீன் மானிப்பாயிலிருந்து இரவு பகலாய் உழைத்து நிலைநாட்ட முயன்றது இதனையே. அவருடைய நூல்களை ஆவணக் காப்பகத்திலே வைத்துப் போற்றுவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. சலரோகிகளின் கையிலிருக்கும் கிளினிக் கொப்பியிலே சர்க்கரை அளவுக்குப் பக்கத்திற் பாதத்தின் நிலையும் தெளிவான தமிழில் எழுதப்படுதல் வேண்டும்; பாடசாலைச் சுகாதார பாடத்திலே பேரப்பிள்ளைகளுக்கு இது கற்பிக்கப்படுதல் வேண்டும்; பரம்பரை வைத்தியரும் ஆஸ்பத்திரி வைத்தியரும் ஒருவர் மற்றவரிடம் நோயாளியைத் தயக்கமின்றி அனுப்பும் வழக்கம் உண்டாதல் வேண்டும்.

இதனை வாசிப்போரிடத்து ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலே சலரோகமுடைய பெரியவர் ஒருவர் இருப்பாராயின், இன்றிரவே அவருடைய இரு பாதங்களையும் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பாருங்கள். புறங்கையால் இரண்டையும் தொட்டு, ஒன்று மற்றதிலும் சூடாயிருக்கின்றதா என்று ஒப்பிடுங்கள். ஒன்று வீங்கிச் சூடாயிருந்தால், நோவில்லை என்று அவர் எவ்வளவு சொன்னாலும் கேளாமல், அந்தக் காலை நிலத்தில் ஊன்ற விடாமல், மறுநாட் காலையிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.